'தி வேஜஸ் ஆஃப் ஃபியர்': விமர்சகர்கள் பார்த்தது எந்தப் பிரதியை?

கேள்வி இது: ஆன்ரி-ஜார்ஜ் க்ளூஸோ 1953-ல் எடுத்த 'தி வேஜஸ் ஆஃப் ஃபியர்' படத்தை உலகின் தலைசிறந்த சாகசத் த்ரில்லர்களில் ஒன்று என்கிறார்கள். ஆனால் பழைய விமர்சனங்களைத் தேடிப் படித்தால் முதல் ஒரு மணி நேரம் இழுவை, அமெரிக்க எதிர்ப்புப் படம், மனிதர்களையே வெறுக்கும் படம் என்றெல்லாம் வருகிறது. அதே நாவலை வைத்து வில்லியம் ஃப்ரீட்கின் 1977-ல் எடுத்த 'சார்சரர்' படத்தை அன்று கிழித்துத் தொங்கவிட்டவர்கள் உண்டு. இன்று அதைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். இதில் யார் சொல்வதை நம்புவது?

இந்தப் படத்தைப் பற்றிய எந்த விமர்சனத்தைப் படித்தாலும், எழுதியவர் எந்தப் பிரதியைப் பார்த்தார் என்று முதலில் பாருங்கள் என்பதுதான் என் பதில். பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும். இரண்டு படங்களையுமே நாடு விட்டு நாடு போகும்போது வெட்டியிருக்கிறார்கள். இரண்டு முறையும் கத்தரி விழுந்தது, இந்த மனிதர்கள் ஏன் அந்த லாரியில் ஏறினார்கள் என்று சொல்லும் பகுதிகளில். பயத்தின் காரணத்தை எடுத்துவிட்டுப் பயத்தை மட்டும் காட்டினால் படம் வேறாகிவிடுகிறது. மிச்சம் பாதி உண்மையான ரசனை வேறுபாடு. அதில் என் பக்கம் எது என்பதையும் சொல்கிறேன். கதை முழுவதும் வெளிப்படும், படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது.

கதை எளிமையானது. தென் அமெரிக்காவில் பெயர் சொல்லப்படாத ஒரு நாடு, லாஸ் பியெத்ராஸ் என்ற ஊர். பிழைக்க வந்து, திரும்பிப் போக டிக்கெட்டுக்குக் காசில்லாமல் மாட்டிக்கொண்ட ஐரோப்பியர்கள் அங்கே வெயிலில் காய்ந்துகொண்டிருக்கிறார்கள். ஊரை ஆள்வது 'சதர்ன் ஆயில் கம்பெனி' என்ற அமெரிக்க எண்ணெய் நிறுவனம். சுமார் 300 மைல் தள்ளி ஓர் எண்ணெய்க் கிணறு தீப்பிடிக்கிறது. அணைக்க நைட்ரோகிளிசரின் வேண்டும். லேசாகக் குலுங்கினாலே வெடிக்கும் சரக்கு, பாதுகாப்பு வசதி எதுவும் இல்லாத சாதாரண லாரிகள், லாரி ஓடவே லாயக்கற்ற மலைப்பாதை. தலைக்கு 2,000 டாலர் கூலி. இரண்டு லாரிகளில் நான்கு பேர் கிளம்புகிறார்கள்: ஈவ் மோன்தான் நடித்த மரியோ, சார்ல் வானெல் நடித்த ஜோ, ஃபோல்கோ லுல்லியின் லுயிஜி, பீட்டர் வான் ஐக்கின் பிம்பா.

முதலில் வரவேற்பு எப்படி இருந்தது என்று பார்ப்போம். 1953 ஏப்ரலில் பிரான்சின் கான் திரைப்பட விழாவில் படத்துக்கு கிராண்ட் பிரீ கிடைத்தது. தங்கப் பனை விருது 1955-ல்தான் வந்தது, அதுவரை அங்கே உச்ச விருது இதுதான். கவிஞரும் இயக்குநருமான ழான் காக்தோ தலைமையிலான நடுவர் குழு சார்ல் வானெலின் நடிப்பைத் தனியாகவும் பாராட்டியது. அடுத்த சில வாரங்களில் பெர்லின் விழாவில் தங்கக் கரடி. அந்த ஆண்டுகளில் பெர்லினில் பரிசைத் தீர்மானித்தது நடுவர்கள் இல்லை, பார்வையாளர்களின் வாக்கு. ஒரே படம் ஒரே ஆண்டில் கானில் கலைஞர்கள் கையாலும் பெர்லினில் பொதுமக்கள் வாக்காலும் முதல் பரிசு வாங்கியிருக்கிறது. பிரான்சில் ஏறக்குறைய 70 லட்சம் டிக்கெட் விற்றது. பிரிட்டிஷ் அகாடமியும் 1954-க்கான சிறந்த படம் என்று இதையே தேர்ந்தெடுத்தது. ஆக ஐரோப்பாவில் இது 'அன்று புரிந்துகொள்ளப்படாத படம்' இல்லவே இல்லை. பலரும் பழக்கதோஷத்தில் அப்படி எழுதுகிறார்கள், தவறு.

சிக்கல் தொடங்கியது 1955 பிப்ரவரியில், படம் அமெரிக்காவுக்குப் போனபோது. எண்ணெய் நிறுவனத்தின் நடத்தையைக் குற்றஞ்சாட்டும் பகுதிகளும், மரியோவுக்கும் ஜோவுக்கும் இடையே நட்பைத் தாண்டி ஏதோ இருப்பதாகத் தோன்றவைக்கும் பகுதிகளும் வெட்டப்பட்டன. முழுப் படம் இரண்டரை மணி நேரம். அமெரிக்கத் தியேட்டருக்கு வந்தது அதைவிட வெகுவாகச் சுருங்கிய ஒன்று. 'நியூயார்க் டைம்ஸ்' விமர்சகர் பாஸ்லி கிரௌதர் அதைப் பார்த்துவிட்டு எழுதியது புகழ்பெற்றது: தியேட்டரே வெடித்துவிடும் என்று காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம் என்றார். படத்தின் பரபரப்பு முழுக்க நைட்ரோகிளிசரினிலிருந்தும், அதை மூச்சைப் பிடித்துக்கொண்டு கையாள்வதிலிருந்தும் வருகிறது என்பது அவர் கணிப்பு. அவர் பார்த்த பிரதிக்கு அது சரிதான். நைட்ரோகிளிசரினைத் தவிர மற்றதை வெட்டியெடுத்துவிட்டால் நைட்ரோகிளிசரின்தான் மிஞ்சும். ஆனால் அந்த ஒற்றை வரி பல பத்தாண்டுகள் சுற்றிவந்து, 'இது வெடிமருந்து லாரிப் படம்' என்ற எண்ணத்தைப் பதியவைத்துவிட்டது.

'டைம்' பத்திரிகை இன்னொரு எல்லைக்குப் போய், எடுக்கப்பட்டதிலேயே மிகத் தீய படங்களில் ஒன்று என்ற பொருளில் எழுதியது. வெட்டிய பிறகும் அந்தக் கோபம் என்றால், வெட்டாமல் இருந்தால் என்ன ஆகியிருக்கும்!

அந்தக் காலத்தின் சூழலையும் பார்க்க வேண்டும். படத்தில் நாட்டின் பெயர் இல்லை, ஆனால் மூல நாவல் நடப்பது குவாத்தமாலாவில். படம் பிரான்சில் வெளியானது 1953-ல், அமெரிக்காவில் 1955-ல். நடுவே, 1954 ஜூனில், குவாத்தமாலாவில் தேர்ந்தெடுக்கப்பட்ட அதிபர் அர்பென்ஸின் ஆட்சி சி.ஐ.ஏ. ஏற்பாட்டில் கவிழ்க்கப்பட்டது. அவர் கைவைத்தது யுனைடெட் ஃப்ரூட் என்ற அமெரிக்கப் பழ நிறுவனத்தின் நிலங்களில். அது முடிந்து எட்டே மாதத்தில், ஓர் அமெரிக்க நிறுவனம் லத்தீன் அமெரிக்க ஊர் ஒன்றைக் கையில் வைத்திருக்கும் படம் நியூயார்க்கில் ஓடுகிறது. எங்கும் கம்யூனிஸ்டுகளைத் தேடிய மெக்கார்த்தி காலச் சந்தேகங்களும் அடங்கியிருக்கவில்லை. நாயகன் ஈவ் மோன்தான் ஊரறிந்த இடதுசாரி. க்ளூஸோ ஸ்பெயினில் படம்பிடிக்க நினைத்தபோது, சர்வாதிகாரி ஃபிராங்கோ ஆளும் நாட்டில் கால் வைக்கமாட்டேன் என்று சொன்னவர். இத்தனையும் சேர்ந்துதான் 'அமெரிக்க எதிர்ப்புப் படம்' என்ற முத்திரை குத்தப்பட்டது.

அந்த முத்திரை நியாயமா? நிறுவனத்தின் மேலாளர் ஓபிரையன் ஒரு காட்சியில் சொல்வதைக் கவனியுங்கள். நிரந்தர ஊழியர்களுக்குச் சங்கம் இருக்கிறது, அவர்களை இந்த வேலைக்கு அனுப்பினால் பிரச்சினை. ஊரில் சுற்றும் இந்த நாடோடிகளுக்குச் சங்கமும் இல்லை குடும்பமும் இல்லை, வெடித்துச் செத்தாலும் யாரும் வந்து கேட்கமாட்டார்கள் என்பது அவர் வாதம். இதில் வெறுப்புப் பேச்சு எதுவும் இல்லை. ஒரு கணக்குப் போடுகிறார், கணக்கு சரியாக வருகிறது. ஒப்பந்தத் தொழிலாளி என்றால் என்ன என்பதை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன த்ரில்லர் வேறு எதையும் நான் பார்த்ததில்லை. பின்னாளில் பிரிட்டிஷ் இயக்குநர் கேரல் ரைஸ், இந்தப் படம் அமெரிக்காவை மட்டும் எதிர்க்கவில்லை, பாரபட்சமே இல்லாமல் எல்லாவற்றையும் எதிர்க்கிறது என்று எழுதினார். அந்த வாக்கியம் பலராலும் மேற்கோள் காட்டப்படுகிறது. நான் பாதிதான் ஒத்துக்கொள்வேன். க்ளூஸோ எல்லார் மீதும் கடுமையாக இருக்கிறார் என்பது உண்மை. ஆனால் எல்லார் மீதும் சமமாகப் பழி போடவில்லை. லாரியில் இருக்கும் நால்வரின் கோழைத்தனத்தையும் கொடூரத்தையும் காட்டும்போது, அதை அவர்களுக்குள்ளிருந்து கறந்தெடுத்தது எது என்பதையும் காட்டுகிறார்.

இனி முதல் ஒரு மணி நேரத்துக்கு வருவோம். 'முதல் பாதி இழுவை, இரண்டாம் பாதி மிரட்டல்' என்பது நமக்கு நன்றாகப் பழகிய விமர்சன வாக்கியம். இந்தப் படத்தைப் பற்றியும் எழுபது ஆண்டுகளாக உலகம் முழுக்க இதையேதான் சொல்கிறார்கள். நானும் அந்தப் பகுதி மெதுவானது என்று ஒத்துக்கொள்கிறேன், ஆனால் அந்த மந்தத்தை க்ளூஸோ கணக்குப் போட்டுத்தான் வைத்திருக்கிறார்.

படம் திறப்பதே ஒரு சிறுவன் பூச்சிகளை நூலில் கட்டி விளையாடுவதில். அவன் பார்வை ஐஸ் விற்பவன் பக்கம் திரும்பியதும் அந்த இடத்துக்கு ஒரு கழுகு வந்து உட்காருகிறது. அப்புறம் ஊர். மதுக்கடைத் திண்ணையில் நாலு மொழி பேசும் ஆண்கள், செய்ய வேலையில்லாமல், ஒருவரையொருவர் சீண்டிக்கொண்டு, கடன் சொல்லிக்கொண்டு கிடக்கிறார்கள். லுயிஜியின் நுரையீரலில் சிமென்ட் தூசி படிந்துவிட்டது, இங்கேயே இருந்தால் சாவான் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். விமானத்திலிருந்து வெள்ளை சூட் போட்டு இறங்குகிற ஜோ, பெரிய தாதா போல நடந்து சில நாளிலேயே ஊரைத் தன் வசமாக்குகிறான். வேலைக்கு ஆளெடுக்கும்போது கூட்டம் முண்டியடிக்கிறது. தேர்வாகாத ஓர் இளைஞன் தூக்கில் தொங்குகிறான். வெடித்துச் சாகும் வேலை கிடைக்கவில்லை என்பதற்காகத் தற்கொலை. இந்த ஒரு காட்சி இல்லாமல் பிறகு வரும் எந்தக் காட்சிக்கும் முழு எடை கிடையாது. தேர்வான நான்காமவன் கிளம்பும் நேரத்துக்கு வரவில்லை, அவன் இடத்தில் ஜோ வந்து நிற்கிறான். அவனை ஜோ என்ன செய்தான் என்று படம் சொல்வதில்லை. கேட்கவும் யாருக்கும் நேரமில்லை.

இதையெல்லாம் பார்த்த பிறகு லாரி நகரும்போது ஒரு விசித்திரம் நடக்கிறது. வண்டி எப்போது வெடிக்கும் என்று பயப்படுகிறோம், ஆனால் திரும்பிப் போய்விடுங்கள் என்று சொல்ல நமக்கே மனம் வருவதில்லை. திரும்பிப் போனால் என்ன காத்திருக்கிறது என்று ஒரு மணி நேரம் பார்த்திருக்கிறோமே. சஸ்பென்ஸ் என்றால் மேஜைக்கு அடியில் குண்டு இருப்பது பார்வையாளனுக்கு மட்டும் தெரிவது என்று ஹிட்ச்காக் விளக்கம் கொடுத்தார். க்ளூஸோவிடம் குண்டு இருப்பது எல்லாருக்கும் தெரியும், அதைத் தூக்கிக்கொண்டு போகத்தான் கூலியே. க்ளூஸோவை 'பிரெஞ்சு ஹிட்ச்காக்' என்று எழுதும் விமர்சகர்கள் இந்த வேறுபாட்டைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

இரண்டாம் பாதியைப் பற்றிப் பெரிய சண்டை எதுவும் இல்லை. 1990-களின் தொடக்கத்தில் முழுமையான பிரதி அமெரிக்காவில் மறுபடி ஓடியபோது அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட், இதன் நீண்ட சஸ்பென்ஸ் காட்சிகள் சினிமாவின் மகத்தான பகுதிகளோடு வைக்கத் தக்கவை என்று எழுதினார். அந்தக் காட்சிகள் ஏன் பழசாகவில்லை என்பதற்கு என்னிடம் ஒரு விளக்கம் இருக்கிறது. ஒவ்வொன்றும் ஓர் இயந்திரப் பிரச்சினை. அலையலையாக மேடுபள்ளம் விழுந்த சாலையில் ஒன்று நல்ல வேகத்தில் பறக்க வேண்டும், இல்லை ஊர்ந்து போக வேண்டும், நடுவேகத்தில் போனால் குலுங்கி வெடிக்கும். முன்னால் ஒரு லாரி ஊர்கிறது, பின்னால் ஒரு லாரி பறந்து வருகிறது. மலைத் திருப்பத்தில் இற்றுப்போன மரப்பலகை மேடையின் மேல் லாரியைப் பின்னோக்கி ஏற்ற வேண்டும். பாதையை மறித்துக் கிடக்கும் பாறையை, ஃப்ளாஸ்க்கில் ஊற்றி வந்த நைட்ரோவை வைத்தே தகர்க்க வேண்டும். எடை, வேகம், உராய்வு, பலகையின் வலு எல்லாம் நமக்குப் புரியும்படி முன்பே காட்டப்படுகின்றன. பிறகு நம் மூளை தானே கணக்குப் போட்டுப் பயப்படுகிறது. ஆர்மான் திரார்டின் ஒளிப்பதிவு டயரையும் முகத்தையும் ஒரே அக்கறையோடு பார்க்கிறது. ஜார்ஜ் ஓரிக் இசையமைப்பாளர், ஆனால் இந்தக் காட்சிகளில் கேட்பதெல்லாம் என்ஜின் சத்தமும் மரம் முனகும் சத்தமும்தான்.

இவற்றுக்கெல்லாம் மேலே ஒரு கணம் இருக்கிறது. ஜோ சிகரெட் சுருட்டிக்கொண்டிருக்கிறான். தாளில் இருந்த புகையிலை திடீரென்று காற்றில் பறந்து காலியாகிறது. ஒரு பளிச்சொளி. அதன் பிறகே சத்தம். முன்னால் போன லாரியும் அதிலிருந்த லுயிஜியும் பிம்பாவும் இல்லை. வெடிப்பைக் காட்டாமலே வெடிப்பின் பௌதிகத்தைக் காட்டிவிட்டார். இத்தனை விமர்சகர்கள் இதைப் பற்றி எழுதிய பிறகும், முதன்முறை பார்ப்பவர்களுக்கு அது எதிர்பாராத அடியாகத்தான் விழுகிறது.

நடிப்பில் கான் குழு வானெலைப் பிரித்தெடுத்துப் பாராட்டியது எவ்வளவு சரி! ஜோ பாத்திரத்துக்கு முதலில் பிரெஞ்சு நட்சத்திரம் ழான் காபேனைக் கேட்டார்கள். கோழையாக நடித்தால் தன் ரசிகர்கள் ஏற்கமாட்டார்கள் என்று அவர் மறுத்துவிட்டார். அறுபதை எட்டிக்கொண்டிருந்த வானெல், தாதாவாக வந்து, வியர்த்து, நடுங்கி, ஓடி, அழுது, கடைசியில் குழந்தையாகிச் சாகும் ஒரு மனிதனை வெட்கமில்லாமல் நடித்தார். உடைந்த குழாயிலிருந்து கச்சா எண்ணெய் நிரம்பிய பள்ளத்தில் அவர் மாட்டிக்கொள்ள, லாரி நின்றால் மறுபடி நகராது என்பதால் மரியோ அவர் காலின் மீதே வண்டியை ஏற்றுகிறான். அந்த எண்ணெயில் நாள்கணக்கில் நின்று நடித்ததில் இரு நடிகர்களுக்கும் கண்ணில் அழற்சி வந்தது. பாரிஸில் பாடகராகப் பேர் வாங்கியிருந்த மோன்தானை நடிகராகவும் உலகம் எடுத்துக்கொண்டது இந்தப் படத்திலிருந்துதான். சாகும் தறுவாயில் ஜோ, பாரிஸில் தன் பழைய தெருவிலிருந்த ஒரு வேலியை நினைவுகூர்ந்து, அதற்குப் பின்னால் என்ன இருக்கும் என்று சின்ன வயதிலிருந்து யோசித்ததைச் சொல்வான். கடைசியில் 'ஒன்றுமில்லை' என்பான். படம் இருத்தலியம் பேசுகிறது என்று சொல்பவர்கள் பிடித்துக்கொள்வது இந்த வசனத்தை. வேண்டுமானால் அப்படிச் சொல்லிக்கொள்ளலாம், எனக்கு அந்த முத்திரை அவசியமாகப் படவில்லை.

மனித வெறுப்பு என்ற குற்றச்சாட்டு க்ளூஸோவை இந்தப் படத்துக்கு முன்பிருந்தே துரத்தியது. ஜெர்மன் ஆக்கிரமிப்புக் காலத்தில், ஜெர்மானியர் நடத்திய கான்டினென்டல் நிறுவனத்துக்கு அவர் எடுத்த 'லெ கார்போ' ஒரு பிரெஞ்சுச் சிற்றூரை மொட்டைக் கடுதாசிகளின் நரகமாகக் காட்டியது. விடுதலைக்குப் பிறகு படத்தைத் தடைசெய்து, அவரையும் சில ஆண்டுகள் படமெடுக்க விடவில்லை. மனிதர்கள் நெருக்கடியில் எப்படி நடந்துகொள்வார்கள் என்பது அவருக்குப் புத்தகத்தில் படித்த விஷயம் இல்லை. லாஸ் பியெத்ராஸ் ஊரைத் தெற்கு பிரான்சில், காமார்க் பகுதியில் சாலியே என்ற இடத்தில் அமைத்தார்கள். போர்க்காலத்தில் ஜெர்மனிக்கு ஒத்துழைத்த பிரான்சின் விஷி அரசு ரோமா மக்களை அடைத்து வைத்திருந்த முகாம் இருந்த இடம் அது. அந்த முகாமின் கட்டடங்களே படத்தின் ஊராயின. தப்பிக்க வழியில்லாத ஊர் என்ற உணர்வைப் பாராட்டி எழுதிய விமர்சகர்களில் எத்தனை பேருக்கு இது தெரிந்திருக்கும்?

நாவலாசிரியரின் கதையும் இதற்குச் சளைத்ததில்லை. ஜார்ஜ் ஆர்னோ என்பது புனைபெயர், இயற்பெயர் ஆன்ரி ஜிரார். 1941-ல் எஸ்குவார் என்ற ஊரிலிருந்த குடும்ப மாளிகையில் அவருடைய தந்தை, அத்தை, பணிப்பெண் மூவரும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பழி அவர் மேல் விழுந்தது. ஒன்றரை வருடத்துக்கு மேல் சிறையில் இருந்து, 1943-ல் ஜூரி சில நிமிடங்களிலேயே விடுதலை செய்தது. பிறகு தென் அமெரிக்காவுக்குப் போய் லாரி ஓட்டுவது உட்பட கிடைத்த வேலையெல்லாம் செய்து, திரும்பி வந்து 1950-ல் இந்த நாவலை வெளியிட்டார். அதன் முகப்பிலேயே, புவியியல் துல்லியத்தைத் தேடாதீர்கள், குவாத்தமாலா என்று ஒன்று கிடையாது, எனக்குத் தெரியும், நான் அங்கே வாழ்ந்தவன் என்று எழுதினார். க்ளூஸோ நாட்டின் பெயரை எடுத்துவிட்டது அந்த வரிக்கு உண்மையாக இருந்ததாகவே எனக்குப் படுகிறது.

எதிர்மறை விமர்சனங்களில் நான் முழுதாக ஒத்துக்கொள்வது ஒன்றை. வேரா க்ளூஸோ நடித்த லிண்டா பாத்திரம். தரையைத் துடைத்துக்கொண்டு மரியோவின் கைக்கு நாய்க்குட்டி போல ஊர்ந்து வருகிறாள், கடைசியில் லாரியிலிருந்து தள்ளிவிடப்படுகிறாள். இந்த ஊரில் ஆண்களின் மதிப்பு எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று அவ்வளவு விவரமாகக் காட்டியவர், அவளுடைய நிலைமையை அதே கவனத்தோடு பார்த்திருக்கலாம். கிணற்றுத் தீயில் செத்த உள்ளூர்த் தொழிலாளிகளின் குடும்பங்களும் ஒரு காட்சியில் கத்திவிட்டு மறைந்துபோகிறார்கள். ஐரோப்பியர்களின் துயரம் படமாகிறது, உள்ளூர்க்காரர்களின் துயரம் பின்னணியாகிறது. 'அமெரிக்க எதிர்ப்பு' என்று கத்திய காலத்தில் இதை யாரும் பெரிதாகக் கேட்கவில்லை.

முடிவைப் பற்றிய புகார் வேறு. சரக்கைச் சேர்த்துவிட்டு, ஜோவின் பங்கையும் சேர்த்து 4,000 டாலரோடு காலி லாரியில் திரும்பும் மரியோ, ரேடியோவில் 'ப்ளூ டான்யூப்' வால்ட்ஸ் ஒலிக்க, வண்டியை இப்படியும் அப்படியும் ஆட்டி ஓட்டிப் பள்ளத்தில் விழுந்து சாகிறான். ஊரில் அதே இசைக்கு ஆடுகிறார்கள். இது திணிக்கப்பட்ட விதி, இயக்குநரின் குரூரம் என்று எழுதியவர்கள் உண்டு. இரண்டு ஆட்டங்களையும் மாறிமாறி வெட்டிக் காட்டியது எனக்கும் கொஞ்சம் அதிகமாகத்தான் தெரிகிறது. ஆனால் சம்பவம் திணிப்பில்லை. அத்தனை மைல் ஒவ்வொரு கல்லுக்கும் பயந்து ஓட்டியவன், பயம் கழன்றதும் எப்படி ஓட்டுவான்? அப்படித்தான் ஓட்டுவான்.

ஐம்பதுகளின் நடுவில் பிரான்சிலேயே க்ளூஸோவின் மதிப்பு சரியத் தொடங்கியது. 1954 ஜனவரியில் 'காயே து சினெமா' பத்திரிகையில், பின்னாளில் இயக்குநரான பிரான்சுவா ட்ரூஃபோ, 'தரமான சினிமா' என்று பேர் வாங்கிய மரபை அடித்து எழுதிய கட்டுரை வந்தது. கதாசிரியர்களின் கையெழுத்துப் படியை அப்படியே படமாக்கும் போக்கு, எல்லாவற்றையும் இருட்டாகக் காட்டும் போக்கு இரண்டும் அதில் குறி. ட்ரூஃபோ போன்ற இளம் இயக்குநர்களின் புதிய அலை வந்தபோது, ஒவ்வொரு ஷாட்டையும் முன்பே திட்டமிட்டு ஸ்டுடியோ ஒழுங்கோடு எடுக்கும் க்ளூஸோ பழைய தலைமுறையாகிவிட்டார். அவர் மீதான விமர்சன மௌனத்துக்கு அது பெரிய காரணம்.

சரி, 'சார்சரர்'. 1977 ஜனவரியில் க்ளூஸோ இறந்தார், ஜூனில் அவருக்குச் சமர்ப்பணத்தோடு ஃப்ரீட்கினின் படம் வந்தது. இது மறுஆக்கம் இல்லை, அதே நாவலின் இன்னொரு படம் என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார், விமர்சகர்கள் கேட்கவில்லை. கிளாசிக் ஒன்றைத் தொட்டது திமிர் என்று பலர் எழுதினார்கள். 'எக்ஸார்சிஸ்ட்' எடுத்தவர், பெயர் 'சார்சரர்', என்றதும் பேய்ப்படம் எதிர்பார்த்து வந்தவர்கள் ஏமாந்தார்கள். அந்தப் பெயர் ஒரு லாரியின் பெயர் மட்டுமே. தொடக்கத்தில் வெராக்ரூஸ், ஜெருசலேம், பாரிஸ், நியூஜெர்ஸி என்று நான்கு முன்கதைகள். அவற்றில் பிற மொழிகள் பேசப்படுவதால், இது சப்டைட்டில் படம் இல்லை, பிறகு ஆங்கிலம் வரும் என்று தியேட்டர் வாசலில் அறிவிப்பு வைக்க வேண்டியிருந்தது. ஒரு மாதம் முன்பு 'ஸ்டார் வார்ஸ்' வந்திருந்தது. லாஸ் ஏஞ்சலஸின் புகழ்பெற்ற சைனீஸ் தியேட்டரில் அதை எடுத்துவிட்டு 'சார்சரர்' போட்டார்கள், சீக்கிரமே மறுபடி 'ஸ்டார் வார்ஸ்' திரும்பியது. சுமார் 2.2 கோடி டாலர் செலவு, உலக வசூல் 90 லட்சம் டாலர் அளவு.

தோல்விக்கு 'ஸ்டார் வார்ஸ்' மட்டுமே காரணம் என்று சொல்வது வசதியான கதை. ஐரோப்பாவில் என்ன நடந்தது என்று பாருங்கள். வெளிநாட்டு விநியோகஸ்தர்கள் ஃப்ரீட்கினைக் கேட்காமலே 121 நிமிடப் படத்தை 92 நிமிடமாக்கினார்கள். கத்தரி விழுந்தது எதில்? அந்த நான்கு முன்கதைகளில். துண்டுகளைப் பின்னோக்குக் காட்சிகளாக நடுநடுவே செருகினார்கள். 1955-ல் பிரெஞ்சுப் படத்துக்கு அமெரிக்காவில் நேர்ந்தது, 22 வருடம் கழித்து அமெரிக்கப் படத்துக்கு ஐரோப்பாவில் நேர்ந்தது. லாரியை வைத்துக்கொள், ஓட்டுநரின் வாழ்க்கையை வெட்டு என்ற அதே தீர்ப்பு.

எண்ணெய் நிறுவனத்தின் மீதான கோபமும் 'சார்சரர்' படத்தில் தொடர்ந்தது. படத்தில் நிறுவன இயக்குநர்களின் போட்டோவாகச் சுவரில் தொங்குவது, படத்துக்குப் பணம் போட்ட பாரமவுண்டின் தாய் நிறுவனமான கல்ஃப்+வெஸ்டர்னின் நிஜ இயக்குநர் குழுவின் போட்டோ. படப்பிடிப்பு நடந்த டொமினிக்கன் குடியரசில் அந்த நிறுவனத்துக்குப் பெரும் சொத்துகள் இருந்தன. தலைவர் சார்ல்ஸ் ப்ளூடார்ன் அதைப் பார்த்துக் கொதித்துப்போனதாக ஃப்ரீட்கின் பின்னாளில் சொன்னார்.

எல்லாரும் பேசும் தொங்குபாலக் காட்சி பற்றி ஒரு வார்த்தை. டொமினிக்கன் குடியரசில் பாலம் கட்டி முடித்ததும் ஆறு வற்றிவிட்டது, மெக்சிகோவில் மறுபடி கட்டினார்கள். அந்த ஒரு காட்சிக்கே சுமார் 30 லட்சம் டாலர். க்ளூஸோவின் மரமேடையோடு ஒப்பிட்டு 'இது வெறும் பிரமாண்டம்' என்று அன்று எழுதினார்கள். எனக்கு அது பிரமாண்டமாக மட்டும் படவில்லை. மழையில் லாரி ஒரு மிருகம் போல நகர்கிறது, மனிதர்கள் அதன் முன் அற்பமாகிறார்கள். டேஞ்சரின் ட்ரீம் குழுவின் இசை அதற்கு ஒரு கனவுத் தன்மையைத் தருகிறது. க்ளூஸோவிடம் ஒவ்வொரு பிரச்சினையையும் மனிதன் யோசித்துத் தீர்க்கிறான், ஃப்ரீட்கினிடம் இயற்கை அவனைப் பொருட்படுத்துவதே இல்லை. ஆனால் ஒரு குறை உண்டு: ஃப்ரீட்கினின் நால்வருக்கும் இடையே உறவு இல்லை. மரியோவும் ஜோவும் ஒருவரையொருவர் ஆராதித்து, அவமதித்து, கடைசியில் கட்டிக்கொண்டு அழும் அந்தப் பாதை இங்கே கிடையாது. ஸ்டீவ் மெக்வீன் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று ஃப்ரீட்கினே வருந்தினார். நாயகனாக நடித்த ராய் ஷைடரிடம் குறை காண எனக்கு மனமில்லை, குறை திரைக்கதையில் இருக்கிறது. எழுதியவர் 'தி வைல்டு பன்ச்' படத்தின் எழுத்தாளர்களில் ஒருவரான வாலன் கிரீன். ஆண்களுக்கிடையிலான பிணைப்பை அங்கே எழுதிக்காட்டியவர் இங்கே வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறார்.

அன்றே எல்லாரும் எதிர்த்தார்கள் என்பதும் சரியில்லை. ஈபர்ட் தன் 1977-ன் பத்துச் சிறந்த படங்களில் 'சார்சரர்' படத்தைச் சேர்த்தார். பெரும் திருப்பம் வந்தது ஃப்ரீட்கின் உரிமை யாரிடம் என்று தெரிந்துகொள்ள ஸ்டுடியோக்கள் மீது வழக்குப் போட்டு, படத்தைச் சீரமைத்து, 2013-ல் வெனிஸ் விழாவில் திரையிட்ட பிறகு. அதே விழாவில் அவருக்கு வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கமும் கொடுத்தார்கள். நல்ல பிரதி வந்ததும் நல்ல விமர்சனமும் வந்தது. அதற்கு முன் பலர் பார்த்தது மங்கிய, ஓரம் வெட்டப்பட்ட வீடியோப் பிரதிகளைத்தான்.

எனவே பார்க்கப் போகிறவர்களுக்கு என் யோசனை: க்ளூஸோவின் படத்தை முதலில் பாருங்கள், சுமார் 150 நிமிடம் ஓடும் பிரதியாக இருக்கட்டும். அதில் மிகக் குறைவாக இருந்தால் ஊர்க் காட்சிகள் போய்விட்டன என்று அர்த்தம். சில நாள் இடைவெளி விட்டு 'சார்சரர்' 121 நிமிடப் பிரதி. அடுத்தடுத்து பார்த்தால் பாலத்தையும் மேடையையும் ஒப்பிட்டு மார்க் போடத்தான் தோன்றும். 2024-ல் நெட்ஃப்ளிக்ஸில் வந்த பிரெஞ்சு மறுஆக்கத்தை இந்த இரண்டுக்கும் பிறகு வைத்துக்கொள்ளலாம். பழைய விமர்சனங்களை அதற்கப்புறம் எடுத்துப் படியுங்கள், கிரௌதரில் தொடங்கி.